‘மதமா, பண்பாடா?’ என்னும் கேள்வியின் வறுமை

இந்திய முஸ்லிம்களின் உணவு பற்றிய ஆய்வுரைகளில் ஓர் அட்டவணையை அடிக்கடி காண்கிறோம். இடப்பக்கம் ‘மதக் காரணங்களால் தவிர்ப்பவை’. வலப்பக்கம் ‘பண்பாட்டுக் காரணங்களால் தவிர்ப்பவை’. பன்றியிறைச்சியும் மதுவும் இடப்பக்கம் போகும்; எஞ்சியவை வலப்பக்கம் ஒதுங்கும். இந்த அட்டவணை பிழையானது, தீங்கும் விளைவிப்பது. இரண்டையும் நிறுவ முயல்கிறேன்.

முதலாவதாக, விலக்கு வேறு, ஒவ்வாமை வேறு என்னும் தெளிவு நவீன ஆய்வாளரின் கண்டுபிடிப்பன்று. புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் ஒரு நபிமொழி உள்ளது. சுட்ட பாலைநிலப் பல்லி ஒன்று (தமிழ் மொழிபெயர்ப்புகள் ‘உடும்பு’ என்கின்றன) பரிமாறப்படுகிறது. நபியவர்கள் கையை எடுத்துக்கொள்கிறார்கள். இது ஹராமா என்று காலித் இப்னு வலீத் கேட்கிறார். இல்லை என்றும், தம் மக்களின் நிலத்தில் இது கிடையாதாகையால் தமக்கு ஒவ்வவில்லை என்றும் விடை வருகிறது. காலித் அதைத் தம் பக்கம் இழுத்து, நபியவர்கள் பார்த்திருக்கவே உண்கிறார். ஆனால் செய்தி அத்துடன் நிற்கவில்லை. ஷாஃபிஈ, மாலிகி, ஹன்பலி சட்டப் பள்ளிகள் அதை உண்ணலாம் என்றன. ஹனஃபி அறிஞர்கள் வேறு சான்றுகளை முன்வைத்து மக்ரூஹ் என்றனர். ஒருவருடைய நாவின் பழக்கம் சட்ட விவாதத்தின் பொருளாயிற்று. இதனை எந்தப் பக்கத்தில் எழுதுவது?

இரண்டாவதாக, ‘மதம்’ என்று நாம் எழுதும் பக்கமே ஒருமையானதன்று. தலச்சேரியிலும் கோழிக்கோட்டிலும் கல்லுமக்காயின் ஓட்டுக்குள் அரிசிமாவை அடைத்து வேகவைத்துப் பொரிக்கும் அரிக்கடுக்கா, மாப்பிள்ளை முஸ்லிம்களின் பெருமைக்குரிய பண்டம். அவர்கள் ஷாஃபிஈ மரபினர். நீர்வாழ் உயிர்களில் மீன் ஒன்றே ஆகும் என்னும் ஹனஃபி மரபில் வளர்ந்த லக்னோக்காரருக்கு அதே பண்டம் விலக்கப்பட்டது. இறாலை மீன் எனக் கொள்ளலாமா என்பதில் ஹனஃபி அறிஞர்களுக்குள் இன்றும் உடன்பாடில்லை. நண்டைப் பற்றி ஷாஃபிஈ நூல்களே வேறுபடுகின்றன. ஷாஃபிஈ மரபு மேற்குக் கரைக்கு அரபிக்கடல் வணிகத்தின் வழியே வந்தது. ஹனஃபி மரபு வடக்கே நடு ஆசியத் தொடர்புடைய அரசுகளின் வழியே வேரூன்றியது. கப்பலும் காற்றும் வணிகமும் முடிவு செய்தவற்றையும் ‘மதம்’ என்றே எழுதுகிறோம்.

மூன்றாவதாக, வேதம் தெளிவாக விலக்கியவற்றிலும் விலகலின் கனம் ஒன்றுபோல் இருப்பதில்லை. 1857க்குப் பின் ஓர் ஆங்கிலேய அதிகாரி காலிபை நோக்கி நீர் முஸ்லிமா என்று கேட்டபோது, பாதி முஸ்லிம், மது அருந்துவேன், பன்றியிறைச்சி உண்ணமாட்டேன் என்று அக்கவிஞர் சொன்னதாக ஹாலி தம் காலிப் வரலாற்றில் எழுதியிருக்கிறார். நகைச்சுவைதான், ஆனால் இரண்டும் குர்ஆன் விலக்கியவை என்னும்போது, ஒன்றை மீற முடிகிறது, மற்றொன்றை உடலே மறுக்கிறது என்றால், அந்த வேறுபாட்டை வசனத்தைக் கொண்டு மட்டும் விளக்க முடியாது. மறுபுறம், வசனம் இன்றி அந்த அருவருப்பு பிறந்திருக்கவும் முடியாது. இங்கே மதமும் பண்பாடும் ஒன்றையொன்று ஆக்கிக்கொண்டிருக்கின்றன.

பானங்களின் வரலாறும் இதையே சொல்கிறது. யேமன் நாட்டு சூஃபிகள் இரவு வழிபாட்டில் விழித்திருக்கக் காப்பி அருந்தினர். அதே காப்பியை 1511இல் மக்காவின் அதிகாரி காயிர் பேக், சட்ட அறிஞர்களைக் கூட்டி, மருத்துவர்களைச் சான்றாக்கித் தடை செய்தார். அத்தடை நிலைக்கவில்லை. இன்று அரபு விருந்தோம்பலின் முதல் அடையாளம் அந்தக் காப்பியே.

இதெல்லாம் வகைப்பாட்டுச் சிக்கல்தானே, இதனால் யாருக்கு என்ன இழப்பு என்று கேட்கலாம். இழப்பு உண்டு. 1958இல் முகமது ஹனீஃப் குரேஷி வழக்கில், பக்ரீத் பண்டிகைக்குப் பசுவைப் பலியிடுவது முஸ்லிம்களுக்குக் கட்டாயமா என்று உச்ச நீதிமன்றம் ஆராய்ந்தது. ஒருவருக்கு ஓர் ஆடு, அல்லது எழுவருக்கு ஒரு மாடோ ஒட்டகமோ என்று ‘ஹிதாயா’ நூல் தெரிவு தருவதால், கட்டாயம் இல்லை என்று முடிவு செய்தது. ஏழு ஆடுகள் வாங்க இயலாத குடும்பம் ஒரு மாட்டை வாங்க இயலுமே என்னும் வாதத்துக்கு, அது பொருளாதாரக் கட்டாயமாகலாம், மதக் கட்டாயமாகாது என்பது விடை. ஏழையின் வழிபாடு எந்தப் பெட்டியிலும் அடங்கவில்லை. ‘மதம்’ என்று மெய்ப்பிக்கப்பட்டதற்கே பாதுகாப்பு என்றால், ‘பண்பாடு’ என்னும் சொல் கைவிடத்தக்கது என்பதற்கான நாகரிகப் பெயராகிவிடுகிறது.

இதன் சிறிய வடிவம் நம் பல்கலைக்கழக விடுதிகளில் அன்றாடம் நிகழ்கிறது. அறுத்த முறை தெரியாத இறைச்சியை ஒரு மாணவி மறுத்தால், ‘உங்கள் வேதத்தில் எங்கே இருக்கிறது?’ என்று கேட்கப்படுகிறது. சைவ உணவினருக்குத் தனி மேசை ஒதுக்கும் விடுதிகளும் உண்டு. அங்கே அமர்பவரிடம் எவரும் சுலோகம் கேட்பதில்லை. ஒருவருடைய மறுப்பு பழக்கமாகவே மதிக்கப்படுகிறது. இன்னொருவருடையது மேற்கோள் காட்டித் தன்னை மெய்ப்பிக்க வேண்டியிருக்கிறது.

சமுதாயத்துக்குள் இருப்போரிடமும் ஒரு சொல். மீனையும் பாலையும் சேர்த்து உண்ணலாகாது என்பது மருத்துவ மரபின் அறிவுரை. ஆயுர்வேதமும் அதையே சொல்கிறது. அதை மார்க்கச் சட்டமாக மேடையில் முழங்குவோர், நாவுக்கு வந்தபடி ஹலால், ஹராம் என்று உரைப்பதைக் குர்ஆனே (16:116) கண்டிப்பதை நினைவிற்கொள்ள வேண்டும். எல்லாவற்றையும் மதமாக்குவோரும், மதம் அல்லாததை மதிப்பற்றதாக்குவோரும் ஒரே அட்டவணையைத்தான் நிரப்புகிறார்கள்.

ஆகவே, களப்பணிக்குச் செல்லும் இளம் ஆய்வாளர்களே, வினாப்படிவத்திலிருந்து ‘மதமா, பண்பாடா?’ என்னும் வினாவை நீக்கிவிடுங்கள். எந்தச் சட்டப் பள்ளி, எந்தக் கரை, எந்த வருவாய், யார் சமைத்தது, யார் முன்னிலையில் மறுத்தது என்று கேளுங்கள். விடைகள் நீளும், அட்டவணையில் அடங்கமாட்டா. அவற்றை அந்த நீளத்திலேயே எழுதுங்கள்.