மழை பெய்தால் யாருக்கு நட்டம்?

கீழச்சிவல்பட்டிக்கு ஒரு நடை சென்று வாருங்கள், தோழர்களே! பர்மாத் தேக்கில் இழைத்த தூண்களும், சுண்ணாம்பும் முட்டை வெண்கருவும் கலந்து பளிங்கென மெழுகிய சுவர்களும் கொண்ட மாளிகைகள் செட்டிநாட்டின் சிறப்பைச் சொல்லி நிற்கின்றன. யார் கட்டியது என்று கேட்டால், வீட்டுக்காரரின் விலாசத்தைச் சொல்வார்கள். மெழுகிய கொத்தனாரின் பெயர் எவர் நாவிலும் வராது. போகட்டும், அது பழைய கதை. நாம் பேச வந்தது இன்றைய காண்ட்ராக்ட் தொழிலைப் பற்றி.

ஒப்பந்தக்காரரிடம் இரண்டு வகை ஆட்கள் உண்டு. வெயிலில் நிற்கும் மேஸ்திரி, கொத்தனார், சித்தாள் ஒரு பக்கம். விசிறியடியில் பேரேடு புரட்டும் கணக்கப்பிள்ளை, பட்டியல் எழுதுபவர் மறுபக்கம். முன்னவருக்கு நாட்கூலி, பின்னவருக்கு மாதச் சம்பளம். ஐப்பசியில் வானம் கறுத்துக் கொட்டத் தொடங்கினால் என்ன ஆகிறது? வேலை நிற்கிறது. சித்தாளின் அடுப்பும் நிற்கிறது. ஆபீசில் சம்பளம் முதல் தேதி வந்துவிடுகிறது. ஒரே முதலாளி, ஒரே மழை. நட்டம் மட்டும் ஒரு பக்கத்துக்கா?

ஆபீஸ்காரரைச் சோம்பேறி என்று ஏச நாம் வரவில்லை. கம்பி கட்டியதை அளவுப் புத்தகத்தில் ஏற்றும் முன்பு கான்கிரீட் கொட்டி மூடிவிட்டால், கட்டிய கம்பிக்குக் காசு வாங்கப் படும்பாடு அவருக்கல்லவா தெரியும்! பட்டியலைத் தூக்கிக்கொண்டு அதிகாரிகளின் வாசலில் காத்துக் கிடப்பவரும் அவரே. களத்தின் வியர்வை பணமாக மாறுவது அவர் பேனா வழியாகத்தான். ஆனால் களத்தையே காணாதவர் எழுதும் கணக்கு எப்படி இருக்கும்? எட்டு மூட்டை சிமெண்டு போதும் என்பார். பன்னிரண்டு கேட்டால் மேஸ்திரியைத் திருடன் என்பார்.

இதற்கு வழி தேடி அயல்நாட்டுக்கு ஓட வேண்டியதில்லை. அயல்நாட்டுக்கு ஓடிய நம்மவர் கண்ட முறையே இருக்கிறது. இரங்கூனிலும் மலேயாவிலும் கடை வைத்த நகரத்தார், பெட்டியடியில் பையனாகச் சேர்ந்தவனை அடுத்தாளாக்கி, பிறகு ஏஜெண்டாக உயர்த்தினர். கணக்கும் தெரியும், கடன் வாங்கும் குடியானவனின் முகமும் தெரியும் அவனுக்கு. மூன்றாண்டுத் தவணைக்குக் கப்பலேறுமுன் சம்பளத்தில் ஒரு பகுதி முன்பணமாகக் கைக்கு வந்துவிடும். வீட்டில் அடுப்பு எரியும். அந்த வட்டித் தொழிலை நாம் புகழவில்லை. பர்மாக் குடியானவன் நிலமிழந்ததையும் மறக்கவில்லை. ஆனால் தொலைவில் உழைப்பவன் குடும்பம் பசித்தால் தொழில் கெடும் என்ற கணக்கு அவர்களுக்குப் புரிந்திருந்தது. பெற்ற பிள்ளைகள் காண்ட்ராக்ட் எடுக்கும்போது மட்டும் அந்தக் கணக்கு மறப்பானேன்?

சட்டம் காக்கும் என்பீர்கள். 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் 20 பேர் வைத்து வேலை வாங்கும் ஒப்பந்தக்காரரைக் கட்டுப்படுத்தியது. கூலி பட்டுவாடாவின்போது முதன்மை முதலாளியின் ஆள் ஒருவர் முன்னிலையில் இருக்க வேண்டும் என்றும் சொன்னது. 2020இல் நிறைவேறி 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் தொகுப்புச் சட்டம் அந்த 20ஐ 50 ஆக்கிவிட்டது! நம் சீமையில் முப்பது, நாற்பது ஆள் வைத்து வேலை எடுப்பவர்கள் அந்த வேலிக்கு வெளியே போய்விட்டார்கள். இதைச் சீர்திருத்தம் என்கிறார்கள்; யாருக்கு என்பதை மட்டும் சொல்லவில்லை. மாநிலத்தின் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் இருக்கிறது, உண்மை. ஆனால் பதிவு செய்யாத சித்தாளுக்கு அதன் கதவு பெரும்பாலும் திறக்காது. பதிவுத் தாளை நிரப்பித் தர எழுதத் தெரிந்தவர் வேண்டும். அவர் எங்கே இருக்கிறார்? அதே ஆபீசில்தான்!

ஒப்பந்தக்காரர்களைக் கேட்கிறோம். புதிதாக எழுத்தர் வேலைக்கு வருகிறவரை முதல் மூன்று மாதம் களத்துக்கு அனுப்புங்கள். பட்டியல் போடும் நாளில் மேஸ்திரிக்கும் ஒரு நாற்காலி போடுங்கள். சனிக்கிழமைக் கூலியை இருட்டுமுன் கொடுங்கள். சந்தை கலைந்தபின் கிடைக்கும் காசு அந்தத் தாய்க்கு எதற்கு? மழையால் வேலை நின்ற நாளுக்குப் பாதிக் கூலி என்று, ஒப்பந்தத் தொகை குறிக்கும்போதே சேர்த்துக் குறியுங்கள். மரம், சிமெண்டு விலை ஏறும் என்று முன்கூட்டியே சேர்க்கத் தெரிந்த உங்களுக்கு, ஐப்பசியில் மழை வரும் என்பது தெரியாதா?