ஊற வச்ச நேரத்துக்கும் கூலி உண்டுங்க

இன்ஜினில் பிடிச்சுக்கிட்ட பாகத்தை உடைக்காமல் கழற்றுவதில் முக்கால்வாசி வேலை எண்ணெயும் நேரமும்தான் செய்யுது. கை பலம் கால்வாசி. ஆனா நாம கூலி குடுக்கிறது அந்தக் கால்வாசிக்கு மட்டும். அதனாலதான் நல்ல பாகமெல்லாம் உடையுதுங்கறது என் கருத்து.

எங்க காளப்பநாயக்கன்பட்டி சுத்துவட்டாரத்தில், கொல்லிமலை அடிவாரத் தோட்டங்களில், கிணத்து மேட்டு ஓரமா ஒரு பழைய ஆயில் இன்ஜின் கிடக்கிறதைப் பார்க்கலாம். 1990 வாக்கில் விவசாயத்துக்கு மின்சாரம் எல்லாருக்கும் இலவசம்னு ஆச்சு. சர்வீஸ் கிடைச்ச தோட்டத்தில் கரண்ட் மோட்டார் ஓட, இன்ஜின் ஓரமாப் போச்சு. சைலன்சர் வாயை மூடாம விட்டா மழைத்தண்ணி அது வழியாவே உள்ளே இறங்கும். லைனர் இரும்பு, பிஸ்டன் ரிங்கும் இரும்பு. ரெண்டுக்கும் நடுவுல துரு ஏறினா கைப்பிடி போட்டுச் சுத்தினாலும் அசையாது. ஒரு தகர டப்பாவைக் கவுத்து வச்சிருந்தா இந்தப் பாடே இல்லை.

பிஸ்டன் பிடிச்சிருச்சுன்னா நல்ல மெக்கானிக் முதல்ல கேக்கிற கேள்வி இதுதான்: "ஓடும்போது பிடிச்சுதுங்களா, நின்னு கிடந்து பிடிச்சுதுங்களா?" ஓடும்போது பிடிச்சா தண்ணியோ ஆயிலோ தீர்ந்து சூடேறியிருக்கும். அலுமினிய பிஸ்டன், இரும்பு லைனரை விட ஏறக்குறைய ரெண்டு மடங்கு விரியும். அதனால லைனரோட உரசி அப்பிக்கும். அதைப் பிரிச்சுத்தான் பார்க்கணும். நின்னு கிடந்து பிடிச்சது துரு. அது ஊற வச்சா விடும்.

ஊற வைக்கிறது பெரிய வித்தை இல்லை. நாசிலைக் கழட்டிட்டு அந்த ஓட்டை வழியா டீசலும் இன்ஜின் ஆயிலும் கலந்து ஊத்தி விடணும். அப்புறம் ஒரு நாள், ரெண்டு நாள், சிலதுக்கு ஒரு வாரம். தினமும் பிளைவீலை இந்தப்பக்கம் கொஞ்சம், அந்தப்பக்கம் கொஞ்சம் அசைச்சுப் பார்க்கணும். கடப்பாரை போட்டு நெம்பினா கனெக்டிங் ராட் வளையும். அப்படியும் விடலைன்னா ஹெட்டைக் கழட்டி, பிஸ்டன் தலையில் மரக்கட்டையை வச்சு மெதுவாத் தட்டணும். இரும்பு நேரா இரும்பு மேல படக்கூடாது. விட்டதும் உடனே ஸ்டார்ட் பண்ணக் கூடாது. மேல தேங்கின எண்ணெயை நாசில் ஓட்டை வழியாச் சுத்தி வெளியேத்தணும். காத்து அமுங்கும்; எண்ணெய் அமுங்காது, ராட்தான் வளையும்.

பிளைவீல் கதை இதை விட முக்கியம். இங்கிலாந்துல லிஸ்டர் கம்பெனி 1930 வாக்கில் கொண்டு வந்த மெதுவா ஓடுற இன்ஜின், நிமிஷத்துக்கு 600-650 சுத்து. ராஜ்கோட் பட்டறைகளில் அதே சாயலில் பல வருஷம் செஞ்சாங்க. அந்த பிளைவீல் வார்ப்பு இரும்பு. விளிம்பில் சம்மட்டி போட்டா கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். அந்தக் கீறலோட இன்ஜின் ஓடினா சக்கரம் தெறிச்சு ஆள் மேல பாயலாம். ஆப்பை முறையா எடுத்துட்டு, புல்லர் போட்டு நடு போல்ட்டை இறுக்கி, அப்படியே விட்டு வைக்கணும். கொஞ்ச நேரம் கழிச்சு போல்ட் தலையில் ஒரு தட்டு. மறுபடி கால் திருகு இறுக்கம். அவசரப்படாம செஞ்சா அது தானா 'டக்'குன்னு விடும்.

பேரிங், புல்லி மாதிரி பாகங்களுக்குச் சூடு உதவும். சூடு காட்டினா நடு ஓட்டை சுருங்கிடும்னு சிலர் நினைக்கிறாங்க. அந்தக் காலத்து மாட்டு வண்டிச் சக்கரத்தை நினைச்சுப் பாருங்க. இரும்புப் பட்டாவைச் சிவக்கக் காய்ச்சித்தான் மரச்சக்கரத்தில் மாட்டினாங்க. வட்டம் பெருசாகி உள்ளே இறங்கும், ஆறினதும் கவ்விக்கும். இங்கேயும் அதே கணக்கு. 50 மில்லிமீட்டர் ஓட்டை இருக்கிற இரும்பை 100 டிகிரி கூட்டினா ஓட்டை 0.06 மில்லிமீட்டர் பெருசாகும். தலைமுடி கனம்தான், ஆனா அது போதும். எண்ணெய் ஊத்தின இடத்துல மட்டும் நெருப்பைக் காட்டிடாதீங்க.

டவுன்ல இருக்கிறவங்களுக்கு இது நம்ம கதை இல்லைன்னு தோணலாம். உங்க மிக்ஸியில் ஜார் உட்காருற கப்ளர் தேய்ஞ்சா அதைக் கழட்டித்தான் புதுசு போடணும். பல மிக்ஸிகளில் அதுக்கு எதிர் மரை. வழக்கத்துக்கு மாறா, கடிகாரம் சுத்துற பக்கம் திருப்பினாத்தான் கழலும். தெரியாம எதிர்ப்பக்கம் முறுக்கி, அப்புறம் சுத்தியலை எடுத்தா மோட்டாரே போயிடும்.

இப்போ காசு விஷயத்துக்கு வரேன். மூணு நாள் ஊற வச்சு, தினமும் வந்து அசைச்சுப் பார்த்து, பழைய லைனரையே காப்பாத்திக் குடுத்த மெக்கானிக் கூலி கேட்டா, "ஏனுங்ணா, எண்ணெய் ஊத்தினதுக்கா இவ்வளவு?"ன்னு கேக்கறோம். அதே ஆள் அரை மணி நேரத்துல அடிச்சு உடைச்சு, "லைனர் செட்டே மாத்தணும்"னு பில்லு குடுத்தா வாய் திறக்காம எடுத்து வைக்கிறோம். புதுப் பாகம் கையில் தெரியுது. உடையாத பாகம் யார் கண்ணுக்கும் தெரியறதில்லை. இப்படியே போனா எந்தப் பையன் பொறுமையான வேலையைக் கத்துக்குவான்?

2022 ஜூலையில் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 'பழுது பார்க்கும் உரிமை'க்காக ஒரு குழு அமைச்சது. எடுத்துக்கிட்ட நாலு துறையில் விவசாயக் கருவிகளும் ஒண்ணு. அமெரிக்காவில் கொலராடோ மாநிலம் விவசாய இயந்திரங்களுக்குன்னே சட்டம் போட்டு, அது 2024 ஜனவரி 1-ல் அமலுக்கு வந்தது. பாகமும் விவரமும் கம்பெனி குடுக்கணும்கிறது நியாயமான கோரிக்கை, நானும் ஆதரிக்கிறேன். ஆனா கழட்டத் தெரிஞ்ச கை வேணுமே. அதை எந்தச் சட்டமும் உண்டாக்காது. நாம குடுக்கிற கூலிதான் உண்டாக்கும்.

அடுத்த தடவை பைக்கோ, மிக்ஸியோ, மோட்டாரோ பட்டறைக்குப் போனா, "எப்போ கிடைக்கும்?"னு மட்டும் கேக்காதீங்க. "உடைக்காம எடுக்க எத்தனை நாள் ஆகும், அதுக்கு என்ன தரணும்?"னு கேளுங்க. அப்படிக் கேட்டா, அவர் சுத்தியலை எடுக்கறதுக்கு முன்னாடி எண்ணெய் டப்பாவை எடுப்பாருங்க.