யானையும் அங்குசமும்

பழைய கார் வாங்குவது பாவம் என்று நான் சொல்லவில்லை. நடுத்தரக் குடும்பத்துக்குப் புதுக் கார் என்பது ஒரு கல்யாணச் செலவு. ஆகவே, இன்னொருவர் ஓட்டிக் களைத்த வண்டியை வாங்கி, துடைத்துப் பொட்டிட்டு, எலுமிச்சம்பழத்தை நசுக்கி, வீட்டு வாசலில் நிறுத்திக்கொள்வதில் கேவலம் ஒன்றும் இல்லை. நான் சண்டைக்கு வருவது அதற்கு அப்புறம் நடக்கிற காரியத்துக்காக. யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசுகிறவர்கள் நம்மில் பெருகிவிட்டார்கள். சமவெளியில் அவர்கள் எப்படியோ தப்பித்துக்கொள்கிறார்கள். கொடைக்கானல் மலைப் பாதையில் தப்ப முடிவதில்லை. அவர்களுக்கு முன்னாலும் பின்னாலும் போகிற அப்பாவிகளாலும் தப்ப முடிவதில்லை.

இவர்கள் போடும் கணக்கு எனக்கு மனப்பாடம். "80,000 ரூபாய்க்கு முடித்தேன், சார்! இதே வண்டி புதிதில் என்ன விலை தெரியுமா?" என்பார்கள். தெரியும், ஐயா. விலை இறங்கியது வண்டிக்குத்தானே! அதன் தீனிக்கு இறங்கவில்லையே! பெரிய கார் கிழடாகிவிட்டால் சின்னக் காரின் விலைக்கு வந்துவிடும். ஆனால் அதற்குப் போடவேண்டிய டயர் பெரிய காரின் டயர்தான். அதன் கிளச்சும் ரேடியேட்டரும் பெரிய காரின் சாமான்கள்தாம். அம்பாசடர் மோகம் பிடித்தவர்கள் கதை இன்னும் சுவாரசியம். மேற்கு வங்கத்தின் உத்தர்பாராத் தொழிற்சாலை 2014 மே மாதத்தோடு அந்த வண்டியை உற்பத்தி செய்வதை நிறுத்திவிட்டது. இன்று அதற்கு நல்ல சாமான் தேடுவதே ஒரு முழுநேர உத்தியோகம்.

செலவைத் தள்ளிப்போடலாம் என்று நினைக்கிறவர்களின் குட்டை மலை வெளிப்படுத்திவிடும். வத்தலக்குண்டில் ஏறத்தாழ 1,000 அடி உயரத்தில் இருக்கிற வண்டி, கொடைக்கானல் ஏரிக்கரையில் போய் நிற்கும்போது 7,000 அடியைத் தொடுகிறது. காட்ரோட்டைத் தாண்டினால் டம் டம் பாறை, ஊத்து, பெருமாள்மலை, வெள்ளி நீர்வீழ்ச்சி என்று ஏற்றத்துக்கு மேல் ஏற்றம். மேலே போகப் போகக் காற்று மெலிகிறது. உச்சியில் அடிவாரத்துக் காற்றில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. கார்புரேட்டர் வைத்த பழைய எஞ்சின் பெட்ரோலைக் குடிக்கிற அளவுக்கு இழுப்பதில்லை. தண்ணீரும் அந்த உயரத்தில் 100 டிகிரி வரை பொறுப்பதில்லை. 93 டிகிரியிலேயே கொதிக்கிறது. பத்து வருஷமாகக் கிணற்றின் உப்புத் தண்ணீரையே குடித்துக் குழாயெல்லாம் காறையேறிய ரேடியேட்டர் என்ன செய்யும்? கொண்டை ஊசி வளைவில் ஆவியைக் கக்கிவிட்டு நிற்கும். சூட்டைக் காட்டவேண்டிய முள் எப்போதோ செத்துப்போயிருக்கும். ஹெட் கேஸ்கட் போய்விட்டால், ரேடியேட்டருக்கு மறுத்த பணத்தைப்போல் பல மடங்கு மெக்கானிக்குக்குப் போகும்.

ஆனாலும் ஏற்றத்தில் நின்றுபோகிற காரை நான் யோக்கியமான கார் என்றே சொல்லுவேன். அது உண்மையைச் சொல்லிவிட்டது. எனக்குப் பயமெல்லாம் தட்டுத் தடுமாறி மேலே போய்ச் சேர்ந்துவிடுகிற காரைப் பற்றித்தான். அது மறுநாள் இறங்க வேண்டுமே!

இறக்கத்தில்தான் அங்குசம் வேண்டும். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல இழுத்துக்கொள்ளும் சுபாவம் உடையது. வருஷக்கணக்கில் மாற்றாமல் விட்ட எண்ணெயில் நீர் சேர்ந்திருக்கும். வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதிக்க மிதிக்கச் சக்கரம் சூடேறி, அந்தச் சூட்டில் எண்ணெய் கொதித்துக் குமிழி விடும். அப்புறம் மிதித்தால் கால் தரைவரை போகும், வண்டி நிற்காது. இந்த எண்ணெயை இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்ற ஆகும் செலவு, குடும்பத்தோடு ஓட்டலில் ஒருவேளை சாப்பிடுகிற செலவுதான். அதைக்கூடச் செய்யாத மனிதர், பெட்ரோல் மிச்சமென்று நியூட்ரலில் போட்டு மலையை இறங்குகிறார்! ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பது மலை டிரைவர்களின் பாலபாடம். எஞ்சின் வண்டியைப் பிடித்துக்கொண்டால்தான் பிரேக்குக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும்.

டயரையும் பாருங்கள். பள்ளம் தெரிகிறதே, போதும் என்பார்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டும் வாரம், பின் இரண்டும் வருஷம். தேயாத டயரும் வயதானால் இறுகி வெடிக்கும். தம் பிள்ளையின் ஜாதகத்தை வரி விடாமல் படிக்கிறவர்கள் இந்த நான்கு இலக்கத்தைப் படிப்பதில்லை.

"அந்தக் காலத்து இரும்பு இரும்பு, சார்" என்று ஒரு கட்சி. இருக்கட்டும். இரும்பு நிலைத்திருக்கலாம், பிரேக் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் நிலைக்காது. "பழைய வண்டிகளை எல்லாம் உடைத்துப் போடு" என்று எதிர்க் கட்சி. இதையும் நான் ஒப்புவதில்லை. ஒழுங்காகப் பார்த்துக்கொண்ட முப்பது வயது வண்டி, பட்டினி போட்ட பத்து வயது வண்டியைவிட நம்பத் தகுந்தது. குற்றம் வயதில் இல்லை; புறக்கணிப்பில் இருக்கிறது.

நம் சட்டத்துக்கோ வயதுதான் கண்ணுக்குத் தெரிகிறது. 15 வயதான காரின் பதிவைப் புதுப்பிக்க 2022 ஏப்ரலில் கட்டணம் 5,000 ரூபாய் ஆயிற்று. 20 வயதைத் தாண்டினால் 10,000 என்று 2025 ஆகஸ்டில் உயர்த்தினார்கள். நல்ல வண்டிக்காரனும் கட்டுகிறான். கெட்ட வண்டிக்காரனும் கட்டுகிறான். அந்தப் பணத்தில் ஒரு பைசாவாவது பிரேக்குக்குப் போகிறதா? ஒரு தடவை பரிசோதனை முடிந்தால் ஐந்து வருஷத்துக்குக் கவலை இல்லை. கொடைக்கானலுக்குப் போக 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இ-பாஸ் வந்தது. கூட்டத்தைக் கட்டுப்படுத்த அது வேண்டியதுதான். ஆனால் எத்தனை வண்டி ஏறுகிறது என்று எண்ணத் தெரிந்த நமக்கு, எந்த வண்டி இறங்கத் தகுதியானது என்று பார்க்கத் தோன்றவில்லையே!

இது சொந்த வண்டி, சொந்த உயிர், உனக்கென்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பழநி மலையில் குடியிருப்பவர்களுக்கு அந்தப் பாதை உல்லாசப் பாதை அல்ல. பூம்பாறைப் பூண்டும் பண்ணைக்காட்டு வாழையும் அதில்தான் இறங்குகின்றன. பெருமாள்மலையில் பள்ளிப் பிள்ளைகள் அதன் ஓரத்தில்தான் நடக்கிறார்கள். பெரிய சீக்கு என்றால் தேனிக்கோ மதுரைக்கோ நோயாளியை அதன் வழியாகத்தான் கொண்டுபோக வேண்டும். வளைவில் ஆவி கக்கி நிற்கும் ஒரு காருக்குப் பின்னால் ஆம்புலன்ஸ் மணி அடித்துக்கொண்டு காத்திருக்கிறது என்றால், நீங்கள் மிச்சம் பிடித்த ரேடியேட்டர்ச் செலவை முன்பின் தெரியாத ஒரு நோயாளி கட்டுகிறார் என்று அர்த்தம்.

ஆகையால், வாங்குகிற விலையில் மூன்றில் ஒரு பங்கையாவது தனியே எடுத்துவைக்க முடியாதவர்கள் பழைய கார் வாங்க வேண்டாம், பஸ் இருக்கிறது. வாங்கியவர்கள், பெயின்டும் சீட்டுத் துணியும் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் பிரேக், டயர், ரேடியேட்டர் மூன்றையும் சீர்செய்யட்டும். சர்க்கார் காட்ரோட்டிலும் பழநி அடிவாரத்திலும் ஒரு மெக்கானிக்கை உட்காரவைத்து, சந்தேகமான வண்டியைத் திருப்பி அனுப்பட்டும். திருப்பி அனுப்பப்பட்ட குடும்பத்தார் அன்றைக்கு நம்மைத் திட்டுவார்கள். திட்டிக்கொண்டே பத்திரமாக வீடு போய்ச் சேரட்டும்.