ஓட்டுப் பெட்டி மூடியபின் சேர்ந்த கூட்டு

வயது வந்தோர் எல்லோரும் ஓட்டளித்த முதல் பொதுத் தேர்தல் 1952-ல் சென்னை ராஜ்யத்துக்கு ஒரு சிக்கலை விட்டுச் சென்றது. சட்டசபையின் 375 ஸ்தானங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தவை 152. மெஜாரிட்டிக்கு 188 வேண்டும். அடுத்து நின்ற கம்யூனிஸ்டுக் கட்சிக்கு 62.

அப்போது கம்யூனிஸ்டுகள், கிசான் மஸ்தூர் பிரஜா கட்சியினர், இன்னும் சில கட்சியினர், சுயேச்சைகள் ஆகியோர் ஐக்கிய ஜனநாயக முன்னணியாக ஒன்றுகூடினர். ஆந்திர கேசரி பிரகாசத்தைத் தலைவராகக் கொண்டு, தங்களுக்கு 166 பேர் உண்டு என்று கவர்னர் ஸ்ரீபிரகாசாவிடம் ஆட்சிப் பொறுப்பைக் கோரினர்.

இந்தக் கோரிக்கைக்கு ஜனங்களின் சம்மதம் இருந்ததா? காங்கிரஸ் வேண்டாம் என்று பலர் ஓட்டளித்தது உண்மை. ஆனால் ஒருவரை வேண்டாம் என்பது வேறு. இன்னொருவரை வேண்டும் என்பது வேறு. பல கொள்கைக்காரர்கள் கூடிய மந்திரி சபை எந்தத் திட்டப்படி நடக்கும் என்பது வாக்காளருக்கு முன்கூட்டித் தெரியாது. போதாக்குறைக்கு, 166 என்பதும் மெஜாரிட்டி அன்று.

ஆனால் அளக்கும் படி இரு தரப்புக்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும். கவர்னர் அழைத்தது ராஜாஜியை. அவர் தேர்தலில் நிற்காதவர். மேல்சபைக்கு நியமிக்கப்பட்டு, ஏப்ரல் 10-ல் முதன் மந்திரியானவர். காமன்வீல் கட்சித் தலைவர் மாணிக்கவேலு நாயக்கரும் மந்திரியானார். அக்கட்சிக்கு ஓட்டளித்தவர்கள் காங்கிரஸ் ஆட்சிக்கா ஓட்டளித்தார்கள்? ஜூலை 3-ல், 200-க்கு 151 என்ற கணக்கில் மந்திரி சபை சட்டசபையின் நம்பிக்கையைப் பெற்றது. அந்தப் பலமும் ஓட்டுப் பெட்டி மூடியபின் சேர்ந்த பலமே.

ஆகவே கூட்டு என்பதே குற்றமன்று. யாருக்கும் மெஜாரிட்டி இல்லாதபோது கூடித்தான் ஆள வேண்டும். குறை எங்கே என்றால், கூடுவோர் அதை ஜனங்களிடம் முன்பே சொல்லாததிலும், பலம் சபையில் நிரூபணமாகும் முன் கவர்னர் மாளிகையில் முடிவாவதிலும்தான்.

இவ்விரண்டையும் தேசம் காலந்தாழ்ந்தே உணர்ந்தது. யாரை முதலில் அழைப்பது என்பதில், தேர்தலுக்கு முன்பே அமைந்த கூட்டணிக்கு முதலிடம் தர வேண்டும் என்று சர்க்காரியா கமிஷன் 1988-ல் சிபாரிசு செய்தது. மந்திரி சபையின் பலத்தைச் சபையிலேயே சோதிக்க வேண்டும் என்று பொம்மை வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு 1994-ல் தீர்ப்பளித்தது.

சபையின் எண்ணிக்கை ஆட்சிக்குச் சட்டபூர்வமான உரிமையைத் தரும். தார்மிக உரிமையைத் தர வேண்டியவர் வாக்காளர். ஓட்டுக் கேட்கும்போது சொல்லாத கூட்டை, ஆட்சி கேட்கும்போது மட்டும் ஜனங்களின் தீர்ப்பு என்று அழைப்பது, எந்தக் கட்சி செய்தாலும் நேர்மையாகாது.