கைக்கு வந்ததெல்லாம் நமதாகுமா?



சேலம் மாவட்டம் மேச்சேரியில் புதன்கிழமைதோறும் கூடும் ஆட்டுச் சந்தையை உங்களுள் பலர் கண்டிருக்கக்கூடும். அங்கே நான்கு ஆடுகளை ஓட்டி வந்து, ஐம்பது ரூபாய்க்காக அரை மணி நேரம் விலை பேசும் ஒரு சகோதரரை மனக்கண்ணால் பாருங்கள். அவருடைய அத்தா திடீரென வஃபாத்தாகிவிடுகிறார். அவர் விட்டுச் சென்ற மேட்டுக்காடு சாலையோரத்தில் இருப்பதால், இன்று ஒரு கோடி ரூபாய் பெறும் என்கிறார் தரகர்.

ஜனாஸா எடுத்த வீட்டில் அழுகை ஓயுமுன்னரே ஆலோசகர்கள் வந்துவிடுகின்றனர். ஒருவர் மனைப்பிரிவு போடலாம் என்கிறார். ஒருவர் கூட்டு வியாபாரத்துக்கு அழைக்கிறார். நெடுநாள் காணாத உறவினர் கைமாற்றுக் கேட்கிறார். நேற்று வரை நிம்மதியாக உறங்கியவருக்கு இன்று உறக்கம் இல்லை. பணம் இல்லாத கவலையை அவர் அறிவார். பணம் வந்த கவலை அவருக்குப் புதிது.

இத்தகையோருக்கு முதலில் கூறத்தக்கது, அவசரப்படாதீர்கள் என்பதே. நிலம் எங்கும் ஓடிவிடாது. துக்கம் தணியும்வரை எந்த முன்பணமும் வாங்க வேண்டாம். எந்தத் தாளிலும் கையொப்பமிட வேண்டாம். அந்த ஓய்வில் ஒரேயொரு கேள்வியை மட்டும் கேட்டுப் பாருங்கள்: “இந்த ஒரு கோடியில் என்னுடையது எவ்வளவு?”

இக்கேள்வி பழமையானது. கி.பி. 625-இல் நிகழ்ந்த உஹதுப் போரில் ஸஅது பின் ரபீஉ (ரலி) அவர்கள் ஷஹீதானார்கள். அவர்கள் விட்டுச் சென்ற சொத்து முழுவதையும் அவர்களுடைய சகோதரர் எடுத்துக்கொண்டார். விதவையான மனைவி, தம் இரு பெண் மக்களையும் அழைத்துக்கொண்டு நபி (ஸல்) அவர்களிடம் சென்று முறையிட்டார். இதன்பின் பாகப்பிரிவினை பற்றிய இறைவசனம் அருளப்பட்டதாக ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. சொத்தில் மூன்றில் இரு பாகம் பெண் மக்களுக்கும், எட்டில் ஒரு பாகம் மனைவிக்கும் வழங்கப்பட்டன. எஞ்சியதே சகோதரருக்குக் கிடைத்தது. முழுவதும் தமதென எண்ணியவரின் உரிமை, இருபத்து நான்கில் ஐந்து பாகமாகச் சுருங்கிற்று!

நம் மேச்சேரிச் சகோதரரின் கணக்கைப் பார்ப்போம். அடக்கச் செலவு, அத்தா பட்ட கடன், அம்மாவுக்குக் கொடுபடாத மஹர் ஆகியவை நான்கு இலட்சம் என்று வைத்துக்கொள்வோம். மஹரும் கடனே என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். அத்தா வஸிய்யத் ஏதும் செய்திருந்தால், கடன் போக மிஞ்சியதில் மூன்றில் ஒரு பாகத்துக்குள் அதையும் நிறைவேற்ற வேண்டும். வஸிய்யத் இல்லையெனில் 96 இலட்சம் பங்குக்கு வரும். அம்மாவுக்கு எட்டில் ஒன்று, 12 இலட்சம். மீதி 84 இலட்சம், இரு மகன்களுக்கும் இரு மகள்களுக்கும் உரியது. மகனுக்கு 28 இலட்சம். மகளுக்கு 14 இலட்சம்.

ஆகவே அவருடையது கோடியன்று, இருபத்தெட்டு இலட்சமே. மற்றவை பிறருடைய ஹக்கு. அவர் கையில் இருக்கும்வரை அவை அமானிதம்.

“வீட்டில்தான் பெண்ணுக்குப் பங்கு, காட்டில் இல்லை” என்று சொல்வோர் உளர். 1937-ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விலக்கியே வைத்திருந்தது உண்மைதான். ஆனால் 1949-இல் சென்னை மாகாணம் செய்த திருத்தம் அந்த விலக்கை நீக்கிவிட்டது. “நிக்காஹ்வின்போதே நகை போட்டோம், சீர் செய்தோம்” என்பதும் விடையாகாது. உயிருடன் இருக்கையில் தந்தை கொடுத்தது அன்பளிப்பு. அவர் மறைந்தபின் வருவது உரிமை. ஒன்று மற்றொன்றை அழிக்காது.

நாற்பதாம் நாளுக்குள் தங்கையை அழைத்து, விடுதலைப் பத்திரத்தில் கையொப்பம் வாங்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. பிறந்த வீட்டு வாசல் அடைபட்டுவிடுமே என்னும் அச்சத்தில் அவரும் ஒப்பமிட்டு விடுகிறார். அது மனமுவந்த விட்டுக்கொடுத்தலாகுமா? முதலில் அவருடைய பங்கு எவ்வளவு என்று சொல்லுங்கள்; அதை அவர் கையில் கொடுங்கள். பிறகு அவராக விரும்பித் திருப்பித் தந்தால் அது வேறு.

தந்தை உயிருடன் இருக்கும்போதே எழுதி வாங்குவதும் சிக்கலானதே. கேரளத்தின் தொடுபுழையில் ஒரு ராவுத்தர் 1986-இல் மூன்று மகன்களையும் மூன்று மகள்களையும் விட்டு மறைந்தார். வழக்குக்குக் காரணமான நிலம் 1.70 ஏக்கர். தந்தை வாழ்ந்த காலத்திலேயே பிள்ளைகள் எழுதிக் கொடுத்த விடுதலைப் பத்திரங்கள் செல்லுமா என்பதே கேள்வி. உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 2011-இல்தான் வந்தது. இனி வரப்போகும் வாரிசுரிமையை முன்கூட்டியே விட்டுக்கொடுக்க முடியாது. எனினும் அதற்கெனப் பிரதிபலன் பெற்றவர் பின்னர் பங்கு கோருவதற்குத் தடை உண்டு என்றது நீதிமன்றம். ஒன்றே முக்கால் ஏக்கருக்கும் குறைவான நிலத்துக்கு இருபத்தைந்து ஆண்டுகள்!

எனவே முறைப்படி செய்யுங்கள். இறப்புச் சான்றிதழ் பெற்று, மேட்டூர் வட்டாட்சியர் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள். பங்கு விவரத்தை ஓர் ஆலிமிடமும் ஒரு வழக்கறிஞரிடமும் கேட்டு எழுதி வையுங்கள். கூட்டுப் பட்டா கிடைத்துவிட்டதாலேயே பிரிவினை முடிந்ததாகாது. பாகப்பிரிவினைப் பத்திரத்தைப் பதிவு செய்யுங்கள். வாரிசாக வந்த சொத்துக்கு நம் நாட்டில் இப்போது தனி வரி இல்லை; 1953-இல் வந்த மரணத் தீர்வை 1985-இல் ஒழிக்கப்பட்டது. ஆனால் நிலத்தை விற்றால் இலாபத்துக்கு வரி வரக்கூடும். விற்குமுன் கணக்கரைக் கேளுங்கள்.

இவ்வளவும் முடிந்தபின் அச்சகோதரர் தம் இருபத்தெட்டு இலட்சத்தை எண்ணிப் பார்க்கட்டும். கோடியைக் கண்டு ஓடி வந்த ஆலோசகர்களுள் பாதிப்பேர் அதற்குள் அகன்றிருப்பர். எஞ்சியது அவர் அறிவுக்கு எட்டும் தொகை. பிள்ளைகளின் படிப்புக்கும், ஒழுகாத கூரைக்கும், இன்னும் சில ஆடுகளுக்கும் போதுமான தொகை. எல்லாவற்றுக்கும் மேலாக, பெருநாளன்று தங்கை வீட்டு வாசலில் அவர் தலைநிமிர்ந்து நிற்கலாம்.

பிறர் பங்கு கலவாத செல்வத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.