கட்டிய கைகளும் கட்டுண்ட ஆய்வும்

பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் வெளியிட்ட முனைவர் பட்ட நெறிமுறைகளின்படி, ஆய்வு மாணவர் ஒவ்வொரு பருவத்திலும் ஆலோசனைக் குழுவின் முன் தோன்றித் தம் பணியின் முன்னேற்றத்தை விளக்க வேண்டும். ஒரு பேராசிரியர் ஒரே நேரத்தில் எட்டுப் பேருக்கு மேல் வழிகாட்டக் கூடாது. வரவேற்கத்தக்க விதிகள்தாம். ஆனால், நெறியாளரின் அறைக்குள் நடக்கும் உரையாடலின் தரத்தை எந்த விதியும் அளப்பதில்லை.

தருமபுரி போன்ற மாவட்டங்களில், குடும்பத்தின் முதல் பட்டதாரியாக ஆய்வுக்கு வருவோர் பலரை நான் அறிவேன். நெறியாளர் முன் அவர்கள் கைகட்டியே நிற்பார்கள். அதைப் பணிவு என்று போற்றுகிறோம். அந்தக் கைகளோடு சிந்தனையின் ஒரு பகுதியும் கட்டுண்டு போவதை நாம் உணர்வதில்லை.

பேச்சும் கையசைவும் ஒரே சிந்தனையின் இரு வெளிப்பாடுகள் என்று சிகாகோ பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் மெக்நீல் 1992-இல் வெளியான நூலில் வாதிட்டார். அவருடைய சக ஆய்வாளர் சூசன் கோல்டின்-மெடோ, வாய் ஒன்று சொல்லக் கை வேறொன்று காட்டும் குழந்தைகளை ஆராய்ந்தார். புதிய கருத்தைக் கற்கும் வாயிலில் நிற்பவர்கள் அவர்களே என்று கண்டறிந்தார். பிறவியிலேயே பார்வையற்றோரும் பேசும்போது கையசைக்கிறார்கள். எனவே, சைகை கேட்பவருக்காக மட்டும் எழுவதன்று. பேசுபவர் சிந்திப்பதற்கும் அது துணை நிற்கிறது.

பாலக்கோடு தக்காளி விலையை எடுத்துக்கொள்வோம். ‘விலை உயர்ந்தால் வரத்து கூடும்’ என்று பாடநூல் வாக்கியத்தைச் சொல்லும் மாணவரின் கை, முதலில் பக்கவாட்டில் நீண்டு, பிறகே மேலெழுவதைக் கண்டிருக்கிறேன். நடவுக்கும் அறுவடைக்கும் இடைப்பட்ட மாதங்களை அந்தக் கை அறியும். வாய்க்கு அது இன்னும் வரவில்லை. பொருளியலில் சிலந்திவலைக் கோட்பாடு பிறப்பதே அந்த இடைவெளியில்தான். ‘கை ஏன் அங்கே நின்றது?’ என்று நெறியாளர் கேட்டால் ஆய்வுக்கு ஒரு வினா கிடைக்கும். கை கட்டப்பட்டிருந்தால் பாடநூல் வாக்கியமே மிஞ்சும்.

குறிப்பறிதலுக்கு வள்ளுவர் பொருட்பாலிலும் காமத்துப்பாலிலும் தனித்தனி அதிகாரம் வகுத்தார். அமைச்சருக்கும் காதலருக்கும் வேண்டிய அத்திறன் நெறியாளருக்கு வேண்டாமா?

இதற்குப் புதிய சுற்றறிக்கை தேவையில்லை. மாணவரை அமரச் சொல்லுங்கள். மேசைக்கு எதிரே அன்று, பக்கத்தில். தாளையும் பேனாவையும் அவர் கையில் கொடுத்து, முதலில் தமிழிலேயே விளக்கச் சொல்லுங்கள். முன்னேற்ற அறிக்கையில் நாம் கையொப்பமிடுவதற்கு முன், மாணவரின் கை என்ன சொல்கிறது என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுவோம்.