தன்னைக் கடிந்துகொள்வது மருந்தாகாது

உடன்குடி வட்டாரத்து மக்களுக்கு நோன்பு புதியதன்று. குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசராவுக்குக் காப்புக் கட்டி விரதம் இருப்போரும், ரமலான் மாதம் முழுவதும் நோன்பு நோற்போரும், தவக்காலத்தில் ஒறுத்தல் மேற்கொள்வோரும் இங்கு அண்டை அயலாராக வாழ்கின்றனர். இவை அனைத்திற்கும் பொதுவானது ஒன்று உண்டு. அது முடியும் வேளை. சூரசம்ஹாரம் முடிந்தபின் காப்பு அவிழ்க்கப்படும். பொழுது சாய்ந்தால் நோன்புக் கஞ்சி வரும். ஈஸ்டர் அன்று வீட்டில் விருந்து நடக்கும்.

முடிவே இல்லாத நோன்பு ஒன்று உண்டு. அனோரெக்ஸியா, புலிமியா முதலிய உணவுக் கோளாறுகளே அவை. முன்னதில் உணவு குறைந்துகொண்டே போகும். பின்னதில் அளவின்றி உண்பதும், உண்டதை வாந்தியெடுத்தோ பட்டினி கிடந்தோ ஈடுசெய்வதும் மாறி மாறி நிகழும். கட்டுப்பாட்டை மதிக்கும் நம் வீடுகளில் இந்நோய் எளிதாக ஒளிந்துகொள்கிறது. ‘படிப்பில் முதலிடம், உணவிலும் எத்தனை கட்டுப்பாடு!’ என்று நாம் மெச்சும் பிள்ளை, உள்ளுக்குள் தன்னை ஓயாமல் பழித்துக்கொண்டிருக்கக்கூடும்.

எதிலும் குறையே இருத்தலாகாது என்னும் பிடிவாதம் இந்நோயை நீடிக்கச் செய்யும் காரணங்களுள் ஒன்று என்பதை, இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு மருத்துவர் கிறிஸ்டோபர் ஃபேர்பர்னும் அவருடன் பணியாற்றியோரும் 2003ஆம் ஆண்டில் விளக்கினர். அது செயற்படும் விதம் எளிது. நோயுற்றவர் கடுமையான விதியொன்றைத் தமக்கு விதிக்கிறார். எவராலும் முழுமையாகக் காக்க இயலாத விதி அது. ஒரு நாள் ஓர் இட்லி கூடுதலாகிறது. உடனே ‘நான் எதற்கும் உதவாதவள்’ என்னும் தீர்ப்பு எழுகிறது. அதற்குத் தண்டனையாக மறுநாள் இன்னும் கடுமையான விதி பிறக்கிறது. விதியைக் காத்துவிட்டாலோ, ‘இது போதாது’ என்று அளவுகோல் உயர்த்தப்படுகிறது. வென்றாலும் தோற்றாலும் பட்டினியே மிஞ்சும்.

பட்டினியும் தன் பங்குக்கு மனத்தை மாற்றுகிறது. அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 1944-45ஆம் ஆண்டுகளில், உடலும் மனமும் நலமாயிருந்த 36 ஆடவர் தாமே முன்வந்து ஏறத்தாழ ஆறு மாதங்கள் அரைப்பட்டினி இருந்தனர். நாளடைவில் அவர்களது எண்ணமெல்லாம் உணவைச் சுற்றியே அலைந்தது. எரிச்சலும் சோர்வும் மிகுந்தன. சிலர் சமையற் புத்தகங்களில் மூழ்கினர். ஆகவே, உங்கள் வீட்டுப் பிள்ளையின் கோபத்தையும் பிடிவாதத்தையும் குணக்கேடு என்று எண்ணிவிடாதீர்கள். அதில் பெரும்பகுதி பட்டினியின் விளைவாக இருக்கலாம்.

இது மேலைநாட்டவர் நோய் என்று ஒதுக்குவதற்கும் இடமில்லை. 1998இல் வெளியான சென்னை ஆய்வொன்று 210 மருத்துவ மாணவர்களை ஆராய்ந்தது. அவர்களுள் ஏறத்தாழ 15 விழுக்காட்டினரிடம் உணவுக் கோளாற்றின் மென்மையான வடிவம் காணப்பட்டது. மதிப்பெண்ணில் முன்னணியில் நின்று கல்லூரிக்குள் நுழைந்த பிள்ளைகள் அவர்கள் என்பது சிந்திக்கத்தக்கது.

எனவே என் கருத்து இதுதான்: கடிந்துகொள்வதால் பிறந்து வளரும் துன்பத்தை மேலும் கடிந்துகொண்டு தீர்க்க முடியாது. ‘அம்மாவை ஏன் இப்படி வதைக்கிறாய்?’ என்னும் சொல், ஏற்கெனவே தன்னைப் பழிக்கும் பிள்ளைக்கு மற்றொரு சான்றாகவே போய்ச் சேரும். ‘இப்போதுதான் உடம்பு தேறியிருக்கிறது’ என்னும் அன்பான சொல்லும் அச்சத்தையே தூண்டும். உடலைப் பற்றிய பேச்சை விடுங்கள். குறித்த வேளையில் உடன் அமர்ந்து உண்ணுங்கள். இலையின் முன் விவாதம் வேண்டாம். அன்பு காட்டுவது என்பது உணவை விட்டுக்கொடுப்பது என்று பொருள்படாது. கனிவும் உறுதியும் ஒன்றாக இருக்க முடியும்.

நோயுற்றோருக்கும் ஒரு சொல். குணமடைவதிலும் நூற்றுக்கு நூறு வாங்க வேண்டும் என்று எண்ணாதீர்கள். காலை உணவு தவறினால், அதற்காக மதிய உணவைத் தண்டனையாக இழக்க வேண்டியதில்லை. அடுத்த வேளை வந்ததும் உண்ணுங்கள். பெற்றோரும் ‘எங்கள் வளர்ப்பில்தான் பிழை’ என்று தம்மை வருத்திக்கொள்ள வேண்டா. ஒரே காரணத்தால் வரும் நோயன்று இது. பெரியவர்கள் தம் பிழையைத் தாமே பொறுத்துக்கொள்வதைக் கண்டுதான் பிள்ளைகளும் அதைக் கற்கின்றனர்.

மயக்கம், நெஞ்சுப் படபடப்பு, உண்டபின் வாந்தி, விரைவான எடைக்குறைவு, மாதவிடாய் நின்றுபோதல் ஆகியவை தென்பட்டால் தாமதியாமல் மருத்துவரிடம் அழைத்து வாருங்கள். நெடுநாள் பட்டினி கிடந்தவருக்கு ஒரேயடியாக மிகுதியாக உணவளிப்பதும் ஆபத்தானது. மருத்துவர் மேற்பார்வை தேவை. இந்நோய் உள்ளவர்கள் விரதம் தொடங்குமுன் மருத்துவரைக் கலந்துகொள்க. மனநல ஆலோசனைக்கு 14416 என்னும் அரசின் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். அழைக்கும் முன் எல்லாவற்றையும் சரியாகச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. ‘சாப்பிட முடியவில்லை’ என்பதே போதுமான தொடக்கம்.